இல்லை என்று சொல்லக்கூடாத மனிதன்

சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் தௌஃபீக் விறைப்பாக நின்று சல்யூட் அடித்ததும், இத்ரீஸ் வண்டியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டினான். விலங்கு மாட்டப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டான், பாவம். ஹம்தூன் குடியரசில் மினிபஸ் ஓட்டுகிறவனுக்குப் போலீஸ்காரர் சல்யூட் அடித்ததாகச் சரித்திரமே கிடையாது. நேற்றுவரை இதே தௌஃபீக் ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவார், இத்ரீஸ் அதில் எதையாவது வைப்பான், தடுப்புக் கம்பு மேலே போகும். வைப்பதற்குத் தாமதமானால் பிடரியில் ஒரு தட்டு விழும். வண்டிக்குள் இருப்பவர்கள் அந்த நேரத்தில் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொள்வார்கள்.

"நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டான் இத்ரீஸ்.

"ஒண்ணுமில்ல. நீங்க போகலாம்" என்றார் தௌஃபீக். அந்த 'நீங்க' வெளியே வருவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

வண்டியில் இருந்த அத்தனை பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தியைத் தவிர. மூன்றாவது வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜுனைதாவுக்கு மட்டும் அந்த சல்யூட் எங்கிருந்து வந்தது என்று தெரியும். அதை அங்கே அனுப்பியதே அவள்தான்.

ஜுனைதா கீழக்கரைக்காரி. கணினிப் படிப்பு சென்னையில், அரபு மொழி ஊர் மதரஸாவில். அந்த மதரஸா அரபியில் அவள் ஹம்தூன் மார்க்கெட்டில் கத்தரிக்காய் விலை கேட்டால், கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு ரசிப்பார்கள். நம் ஊரில் ஒரு வெளிநாட்டுக்காரி செய்யுள் நடையில் கொத்தமல்லி கேட்டால் நமக்கு எப்படி இருக்கும், அப்படி. அவளுடைய கணவன் சதக்கு துறைமுகத்துக்குப் பக்கத்தில் பரோட்டாக் கடை வைத்திருந்தான். இருவருக்கும் அந்த ஊர் பிடித்திருந்தது. காற்றில் உப்பு இருந்தது, மீன் மலிவு, அண்டை வீட்டுக்காரர்கள் பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினார்கள். அரசாங்கத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தால் போதும். அது ஒன்றும் பெரிய கஷ்டமாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஜுனைதாவுக்கு வேலை தேசிய மனநிறைவு ஆணையத்தில். அங்கே ஒரு கணிப்பு இயந்திரம் இருந்தது. அதன் அரசாங்கப் பெயர் ஒரு முழ நீளம். அலுவலகத்தில் எல்லாரும் 'தீப்பெட்டி' என்றுதான் சொல்வார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இயக்குநர் ரம்ஸி அதை விளக்கினார். ரம்ஸி நரைத்த மீசையும் நல்ல நகைச்சுவையும் உள்ளவர். அவரை உஸ்தாத், அதாவது ஆசான், என்று அழைக்க வேண்டும். அவளுக்கு ஊரில் பிரம்போடு ஓதிக் கொடுத்த உஸ்தாத் ஞாபகம் வந்து சிரிப்பாக இருக்கும்.

"பக்கத்து தேசங்கள்ல ஜனங்க ஏன் தெருவுக்கு வந்தாங்க? சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டார் ரம்ஸி.

"ரொட்டி விலை. படிச்சுட்டு வேலை கிடைக்காத பிள்ளைங்க. எதுக்கெடுத்தாலும் லஞ்சம். வருஷக்கணக்கா ஒரே முகம்."

"கடைசியா சொன்னதை மட்டும் கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்று சுவரில் இருந்த ரயீஸின் படத்தைக் கண்ணால் காட்டினார். ஜனாதிபதியை அங்கே ரயீஸ் என்பார்கள். படத்தில் அவருக்கு முடி கருகருவென்று இருந்தது. படத்துக்கும் அவருடைய ஆட்சிக்கும் ஒரே வயது. "நீங்க சொன்னதெல்லாம் விறகு. விறகு பாட்டுக்குக் காஞ்சு கிடக்கும், ஒண்ணும் ஆகாது. ஒரு நாள் ஒரு சாதாரண ஆளை ஒரு அதிகாரி நாலு பேர் முன்னாடி அறைவான். அந்த அறை எல்லார் கன்னத்திலயும் விழும். அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது. தினமும் எத்தனையோ பேர் அறை வாங்குறாங்க, ஆனா பத்திக்கிறது ஒருத்தர்கிட்டதான். அது யாருன்னு முன்கூட்டியே கண்டுபிடிக்கிறதுதான் இந்தத் தீப்பெட்டி."

"கண்டுபிடிச்சு?"

"சந்தோஷமா வெச்சுக்குவோம்." ரம்ஸி கையை விரித்தார். "விறகை எடுக்கணும்னா ரொட்டி விலையைக் குறைக்கணும், வேலை குடுக்கணும், ரயீஸோட மருமகன்கள்கிட்ட இருந்து துறைமுகத்தை வாங்கணும். நடக்கிற காரியமா? ஒரே ஒரு குச்சியை நனைச்சு வைக்கிறது சுலபம் இல்லையா?"

இயந்திரம் நாட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போடும். நாளைக் காலை இவரைப் பொது இடத்தில் அவமானப்படுத்தினால் இவருக்காக எத்தனை பேர் தெருவுக்கு வருவார்கள் என்பதுதான் அந்தக் கோட்டின் உயரம். ரயீஸின் கோடு தரையோடு தரையாக இருந்ததை ஜுனைதா ஒருமுறை பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். புல்வெளியில் பனைமரம் நிற்கிற மாதிரி ஒரே ஒரு கோடு மட்டும் உயரமாக நின்றது. அது துறைமுகம் போகும் மினிபஸ் ஓட்டுநர் இத்ரீஸுடையது.

காரணத்தை இயந்திரம் சொல்லாது. ஆனால் அவள் தினமும் அந்த வண்டியில்தான் வேலைக்கு வந்தாள், அதனால் அவளுக்குப் புரிந்தது. அந்த வண்டி ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம், மீன் சந்தை, சிமெண்ட் ஆலை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகும். ஊரில் பாதிப் பேருக்கு இத்ரீஸைத் தெரியும். ஓடி வருகிறவர்களுக்காக நிறுத்துவான், வேலை போனவர்களிடம் காசு கேட்கமாட்டான். அப்படிப்பட்டவன் பிடரியில் தட்டு வாங்குவதைத் தினமும் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜுனைதா அந்தப் பெயரைச் சொன்னதும் ரம்ஸி தொலைபேசியை எடுத்து எல்லா அலுவலகங்களுக்கும் ஓர் உத்தரவு சொன்னார். ஹம்தூனில் முக்கியமான உத்தரவுகளை எழுதி வைக்கமாட்டார்கள். பிற்காலத்தில் கையெழுத்து யாருடையது என்ற கேள்வி வந்துவிடும். வாயால் சொல்கிற உத்தரவு சுருக்கமாக இருந்தால்தான் கடைசி ஆள் வரைக்கும் கெடாமல் போய்ச் சேரும். அதனால் ஒரே வரி: இத்ரீஸ் என்ற மினிபஸ் ஓட்டுநருக்கு யாரும் 'இல்லை' என்று சொல்லக்கூடாது.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே கேட்கிற பழக்கம் கிடையாது.

* * *

முதல் வாரம் இத்ரீஸ் பயந்தே செத்தான். ஆர்டிஓ அலுவலகத்தில் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனால் நாற்காலி போட்டார்கள், தேநீர் கொடுத்தார்கள். டயர் கடைக்காரன் நல்ல டயர் கொடுத்தான். தனக்கு ஏதோ தீராத நோய், ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, தன்னிடம் மட்டும் மறைக்கிறார்கள் என்று அவன் முடிவுக்கு வந்துவிட்டான். அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம், "எனக்கு வியாதி இருக்கா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லக்கூடாது என்ற உத்தரவு டாக்டருக்கும் வந்திருந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு எது சவுகரியமோ அது இருக்கு" என்றார்.

அவனைத் தேற்றியது ஸுமையா என்ற நர்ஸ். முன் இருக்கையில் உட்கார்ந்து வருகிறவள், நாக்கில் முள் வைத்திருப்பவள்.

"உனக்கு நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எவனோ பெரிய ஆள் உன்னைத் தன் சொந்தக்காரன்னு தப்பா நினைச்சிருக்கான். அவனுக்குத் தெளியிறதுக்குள்ள எங்க தெருவுக்குத் தண்ணி கேளு. ரெண்டு ரமலான் போயிடுச்சு, குழாய்ல காத்துதான் வருது" என்றாள்.

இத்ரீஸ் தலையைச் சொறிந்தான். ஆனாலும் மத்தியான ஓய்வில் வண்டியை நகராட்சி வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனான். அந்த மனிதர்கள் அவனிடம் எப்படி இல்லை என்று சொல்வார்கள்? மறுநாள் ஸுமையாவின் தெருவில் குழாயைத் திறந்துவிட்டுப் பிள்ளைகள் ஆடினார்கள்.

இந்த இடத்தில் அந்த ஊர் மினிபஸ்ஸின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே கண்டக்டர் கிடையாது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் காசை முன்னால் இருப்பவர் தோளைத் தட்டிக் கொடுப்பார், அவர் அடுத்தவருக்கு, அப்படியே கைமாறிக் கைமாறி ஓட்டுநருக்குப் போகும். மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். ஒரு நாளும் ஒரு காசு குறைந்ததில்லை. அரசாங்கம் அட்டை இயந்திரம் மாட்டச் சொன்னபோது ஓட்டுநர்கள் மறுத்துவிட்டார்கள்.

இப்போது காசோடு கூடவே சொல்லும் வர ஆரம்பித்தது. "இது சிமெண்ட் ஆலைக்கு ஒருத்தர். எங்க பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார் இல்லையாம், இத்ரீஸ்கிட்ட சொல்லுங்க." அடுத்தவர் காசை வாங்கி, வாத்தியாரையும் வாங்கி, முன்னால் அனுப்புவார். சில்லறை திரும்பும்போது, "ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடுவாராம்" என்று பதிலும் திரும்பும். மூன்றாவது வரிசையில் ஜுனைதா அந்தக் காசுகளையும் சொற்களையும் தன் கையால் வாங்கி முன்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளும் அந்த வண்டியின் பயணிதானே, பிடித்து வைத்துக்கொள்ள முடியுமா?

முன்பெல்லாம் அந்த வண்டியில் ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. இப்போது யாருக்குக் கூரை ஒழுகுகிறது, யாருடைய மகளுக்குப் பட்டம் இருந்தும் வேலையில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. வண்டியில் ஏறினாலே வீட்டு விசேஷத்துக்குப் போகிற மாதிரி இருந்தது. வாயைத் திறந்தால் ஆபத்து என்று வளர்ந்தவர்கள் கேட்கிற ருசியைக் கண்டுகொண்டார்கள். ஜுனைதாவுக்கு அது நிறைவாக இருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படி ஒரு நல்ல காரியம் செய்ய எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நெய்ச்சோறும் இறைச்சி ஆணமும் பரிமாறிக்கொண்டே சதக்கிடம் அதைச் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி, "கடைக்குப் பின்னால சாக்கடை அடைச்சுக் கிடந்துச்சுல்ல, சரியாயிருச்சு புள்ள" என்றான்.

"எப்படி மச்சான்?"

"நானும் ஒரு நா வண்டியில சொல்லிவிட்டேன்."

ஜுனைதா கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்களுமா சொன்னியள்?"

"ஏன், நாஞ் சொல்லக்கூடாதா? நாத்தம் எனக்கும்தான அடிக்குது. ஆனா ஒண்ணு புள்ள. அந்தாளு எத்தன நாளைக்கு எல்லாருக்காவயும் போய்க் கேப்பாரு? ஒரு நா யாராவது இல்லைன்னு சொல்லத்தான் போறாங்க. அன்னக்கி அந்த மனுசன் என்ன ஆவாரு?"

சதக்கு இரண்டாவது தடவை சோறு கேட்டது அவள் காதில் விழவில்லை.

* * *

"நான் அவனைச் சந்தோஷமா வைக்கச் சொன்னேன். ஊரையே சந்தோஷமா வைக்கச் சொல்லலையே" என்றார் ரம்ஸி. அவர் மேசையில் தேநீர் ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது. "நேத்து விசாரணையில்லாம அடைச்சு வெச்சிருந்த சிமெண்ட் ஆலைத் தொழிலாளிங்க மூணு பேரைச் சிறையிலிருந்து கூட்டிட்டுப் போயிருக்கான். காவலாளி கதவைத் திறந்துவிட்டு, போய்வாங்கன்னு கையசைச்சிருக்கான்."

"உத்தரவுல 'அவனுக்காகக் கேட்டா மட்டும்'னு சேர்த்திருக்கலாம், உஸ்தாத்."

"இந்த ஊர்ல உத்தரவுக்குப் பின்னால ஒரு 'ஆனா' சேர்த்தா, மேல இருக்கிறவன் தடுமாறுறான்னு அர்த்தம். நாப்பது வருஷமா 'ஆனா' இல்லாமலே பழகிட்டோம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உள்துறை ஆட்களுக்கு இவன் மேல கொலைவெறி. தீப்பெட்டி சொல்றதாலதான் கையை வைக்காம இருக்காங்க. அவன் கோடு இறங்கின அன்னிக்கு, ஒரு மணி நேரத்துல அவனைத் தூக்கிடுவாங்க. அப்புறம் அவன் இருந்த இடமே தெரியாது. தினமும் காலையில பார்த்து எனக்குச் சொல்லுங்க."

அதுவரைக்கும் ஜுனைதா இந்த வேலையின் இந்தப் பக்கத்தை யோசிக்கவே இல்லை. ஒருவனை அடியிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று மட்டும்தான் நினைத்திருந்தாள். அவன் ஆபத்தானவனாக இருக்கிற வரைக்கும்தான் அந்தக் காப்பு என்பது இப்போது உறைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் திரையைத் திறப்பாள். பனைமரம் நிற்கிறதா என்று பார்ப்பாள். நின்றால் மூச்சு விடுவாள்.

அந்த வாரத்தில்தான் வண்டியில் புது மாதிரியான ஒரு சொல் வந்தது. கடைசி வரிசையில் மீன் சந்தைக்காரர் ஒருவர் காசை நீட்டி, "சந்தைக்கு ஒருத்தர்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒவ்வொண்ணா கேட்டு மாளல. எங்களுக்காகக் கேக்கிற ஆளுங்களை நாங்களே பொறுக்கி எடுத்துக்கிறோம்னு இத்ரீஸ்கிட்ட சொல்லுங்க. பக்கத்து நாடுகள்லயெல்லாம் ஓட்டுப் போடுறாங்களாமே, அந்த மாதிரி. ஒரு பெயருக்கு மேல இருக்கிற ஓட்டுச் சீட்டு."

ஒருவரும் செருப்பைப் பார்க்கவில்லை. அந்தக் காசு ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போனது. ஜுனைதாவின் தோளை யாரோ தட்டினார்கள். காசு சூடாக இருந்தது. அதை முன்னால் கொடுத்தபோது தன் குரலே தனக்குக் கேட்டது: "சந்தைக்கு ஒருத்தர். தேர்தல் வேணுமாம்."

இத்ரீஸ் கண்ணாடியில் எல்லாரையும் பார்த்தான். "கேட்டுப் பார்க்கிறேன்" என்றான்.

நகராட்சி எழுத்தர் இல்லை என்று சொல்ல முடியாமல் மேலாளரிடம் அனுப்பினார். மேலாளர் ஆளுநரிடம் அனுப்பினார். ஆளுநர் தலையில் கை வைத்துக்கொண்டு, "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று அமைச்சரிடம் தள்ளிவிட்டார். யாருமே தன் வாயால் அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தயாராக இல்லை. கோரிக்கை சுலபமாக மாடிப்படி ஏறி, ரயீஸின் கதவுக்கு முன்னால் போய் நின்றது.

மறுநாள் காலை ஜுனைதா திரையைத் திறந்தாள். பனைமரத்தைக் காணவில்லை.

இத்ரீஸின் பெயரைத் தேடினாள். மற்ற கோடுகளுக்கு நடுவில், வித்தியாசமே தெரியாமல் கிடந்தது அவன் கோடு. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவன் அவளுடைய காசை வாங்கி, மீதி கொடுத்து, பத்திரமா போய்வாங்க சகோதரி என்று சொல்லியிருந்தான். உண்மையைச் சொன்னால் அவன் சாயங்கால வண்டியை ஓட்டமாட்டான். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் தனக்கும் சதக்குக்கும் இந்த ஊரும் இல்லை, கடையும் இல்லை, ஜெயில் வேண்டுமானால் இருக்கும். அவள் வீரப் பெண்மணி ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்து பல்லிக்குப் பயப்படுகிறவள்.

ரம்ஸி உள்ளே வந்தார். "என்ன சொல்லுது?"

"அவன்தான், உஸ்தாத். நேத்து மாதிரியே" என்றாள்.

ரம்ஸி போகாமல் நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மேசையைச் சுற்றிவந்து திரையைப் பார்த்தார். ஜுனைதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இறங்கிடுச்சு" என்றார் அவர்.

"ஆமா."

"அப்ப புதுசா யாரு?"

அவள் அதைப் பார்க்கவே இல்லை. பயத்தில் அவன் ஒருவன் கோட்டை மட்டும்தான் தேடினாள். கண்ணைத் திறந்து முழுத் திரையையும் பார்த்தபோதுதான் புரிந்தது. இத்ரீஸின் கோடு இறங்கவில்லை, இன்னும் ஏறித்தான் இருந்தது. மற்றவர்களுடைய கோடெல்லாம் அதற்குச் சமமாக வந்துவிட்டது. அதனால்தான் பனைமரத்தைக் காணோம்.

"யாரும் இல்ல, உஸ்தாத்" என்றாள் மெதுவாக. "எல்லாரும்தான். ஸுமையாவை அடிச்சாலும் அதே கூட்டம் வரும், மீன்காரரை அடிச்சாலும் அதே கூட்டம். ஒருத்தர் கஷ்டம் இன்னொருத்தருக்குத் தெரிஞ்சுபோச்சு. தினமும் வண்டியில கைமாத்திக் கைமாத்திக் குடுத்துட்டாங்க."

ரம்ஸி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "என் பெயரைப் போடுங்க" என்றார்.

அவள் போட்டாள். அவர் கோடும் மற்றவர்களுடையதைப் போலவே உயரமாக நின்றது.

"எனக்காகவா? இந்த மனுஷனுக்காகவா வருவாங்க?" அவர் மீசை துடித்தது. "போன வருஷம் ரயீஸோட மகன் ஒரு கூட்டத்துல என் மேல காகிதத்தை விட்டெறிஞ்சான். என் பெண்டாட்டிகிட்டகூட நான் சொல்லல. என் டிரைவர் வெளியில நின்னு பார்த்தான், அவன் யார்கிட்டயோ சொல்லியிருக்கணும்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவமானம் நினைவுக்கு வந்ததாலா, தனக்காகவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற சந்தோஷத்தாலா, அவருக்கே தெரிந்திருக்காது.

உள்துறைக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. நேராக ரயீஸிடம் போனார். என்ன செய்வது என்று ரயீஸ் கேட்டதற்கு ரம்ஸி சொன்ன பதிலும் உத்தரவுகளைப் போலவே சுருக்கமாகத்தான் இருந்ததாம்: இனிமேல் யாருக்கும் இல்லை என்று சொல்லக்கூடாது.

* * *

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஜனங்கள் சதுக்கத்துக்குப் போனார்கள். கத்துவதற்காகப் போகவில்லை, தேர்தல் கேட்டதற்குப் பதில் வந்ததா என்று கேட்பதற்காகப் போனார்கள். பாய், குடை, பேரீச்சம்பழம், குழந்தைகள் எல்லாவற்றோடும் போனார்கள். சதக்கு அண்டா நிறைய பரோட்டாவும் சால்னாவும் கொண்டுபோய் இறக்கினான். சிப்பாய்கள் துப்பாக்கியோடு வரிசையாக நின்றார்கள். அவர்களில் பலர் அதே வண்டியில் முகாமுக்குப் போகிறவர்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர்ப் பாட்டில்கள் கைமாறிக் கைமாறி அவர்களிடம் போயின. காலிப் பாட்டில்கள் அதே வழியில் திரும்பி வந்தன.

சூரியன் இறங்குவதற்கு முன் ரயீஸின் விமானம் கிளம்பியது. சிகிச்சைக்காக வெளிநாடு என்று வானொலி சொன்னது. என்ன நோய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜுனைதா சதக்கின் பக்கத்தில் நின்று சால்னா ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் என்றும் இருந்ததில்லை.

தேர்தல் நடந்தது. இத்ரீஸ் புதிய சபையில் உறுப்பினர் ஆனான். ஆனாலும் காலை வண்டியை மட்டும் விடவில்லை. சோதனைச் சாவடிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். தௌஃபீக்கை ஆணையத்தின் வாசல் தடுப்புக் கம்பைத் தூக்கி இறக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் பழைய ஞாபகத்தில் அவர் காலடியில் காசை விட்டெறிந்து, "உன் பங்கு" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அவர் குனிந்து எடுக்கவும் மாட்டார், நிமிர்ந்து பார்க்கவும் மாட்டார். அந்தக் காலத்தில் அவர் வாங்கியதில் பெரும்பங்கை மேலதிகாரிகளுக்குக் கப்பம் கட்டினார் என்பதை யார் நினைக்கப்போகிறார்கள்? இத்ரீஸின் வண்டியும் தினமும் அந்தக் கம்பைக் கடந்து போனது. வண்டியிலிருந்தும் காசு பறந்தது. இத்ரீஸ் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தான்.

ஒரு மாலை இத்ரீஸ் ஜுனைதாவின் அறைக்கு வந்தான். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தான்.

"சபையில இந்தத் தீப்பெட்டியைப் பத்திப் பேச்சு வந்தது, சகோதரி. உடைச்சுடணும்னு பாதிப் பேர். மீதிப் பேர், இருக்கட்டும், இப்ப நம்ம கையிலதானே இருக்கு, உதவும்ங்கிறாங்க. முடிவு பண்றதுக்கு முன்னாடி, இதை நேர்ல பார்த்துட்டு வான்னு என்னை அனுப்பினாங்க." தயங்கினான். "அந்த சல்யூட் இங்கிருந்துதான் வந்துச்சுன்னு ரம்ஸி சொன்னார்."

"கோபமா?"

"கோபம்னு சொல்ல முடியல. எல்லாரும் என்னை மதிச்சாங்கன்னு நினைச்சேன். பயந்திருக்காங்க. அதுல கொஞ்சம் வருத்தம்." சிரித்தான். "சரி, இப்ப என்ன சொல்லுது? பாருங்களேன்."

ஜுனைதா இயந்திரத்தை ஓடவிட்டாள். கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பின. சமமாகத்தான் இருந்தன. பிறகு ஓர் ஓரத்தில் ஒன்று மட்டும் வளர ஆரம்பித்தது. வளர்ந்துகொண்டே போய்ப் பனைமரமாக நின்றது. வேலையிழந்த காவலர்கள், சிப்பாய்கள், பழைய எழுத்தர்கள், அவர்களுடைய மனைவி மக்கள் எல்லாரும் அந்த ஒரு பெயருக்குப் பின்னால் விறகாகக் காய்ந்து கிடந்தார்கள். பெயரைப் படித்தாள். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஒருத்தர் இருக்கார். பெயரைச் சொல்லட்டுமா?"

இத்ரீஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தான்.

"வேண்டாம்" என்றான். "சொன்னீங்கன்னா அந்த ஒருத்தர்கிட்ட மட்டும் நல்லா நடந்துக்குவோம். சபைக்காரங்களும் மனுஷங்கதானே, பழகிடுவாங்க. யாருன்னு தெரியாம இருந்தா எல்லார்கிட்டயும் ஒழுங்கா இருந்தாகணும். பெயரை அழிச்சுட்டு இதை அணைச்சுடுங்க. சபையில நான் சொல்லிக்கிறேன்."

அவன் கீழே இறங்கிப் போனான். ஜுனைதா பொத்தானை அழுத்தாமல் எழுந்து ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. மினிபஸ் வாசலை நோக்கி நகர்ந்தது. கம்புக்குப் பக்கத்தில் அந்தப் பெயருக்கு உரியவர், தௌஃபீக், நின்றிருந்தார். அவர் காலடியில் காலையில் யாரோ எறிந்த காசுகள் அப்படியே கிடந்தன.

கம்பு மேலே போனது. வண்டி போகவில்லை. இத்ரீஸ் வண்டியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினான். குனிந்து அந்தக் காசுகளைப் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். பிறகு நிமிர்ந்து, தௌஃபீக்குக்கு எதிரே விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான்.

தௌஃபீக் பின்வாங்கினார். அக்கம்பக்கம் பார்த்தார். வெளுத்துப்போய், இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டினார். அவர் குரல் மாடி வரைக்கும் கேட்டது.

"நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"ஒண்ணுமில்ல" என்றான் இத்ரீஸ். "வண்டியில இடம் இருக்கு. வேலை முடிஞ்சுதுன்னா வாங்க, வீட்டுல விட்டுடறேன்."

ஜுனைதா பெயரை அழித்துவிட்டு இயந்திரத்தை அணைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, அந்த வண்டியைப் பிடிக்கப் படியில் இறங்கி ஓடினாள். அவள் வருவதைப் பார்த்துவிட்டு இத்ரீஸ் காத்திருந்தான்.